நூற்றிருபத்தேழு ஒன்றுகள்

170141183460469231731687303715884105727.

39 இலக்கங்கள். எங்கே தொடங்கிப் பார்த்தாலும் ஓர் ஒழுங்கும் கண்ணில் படாது. ஆனால் இதையே கணினி எழுதும் இரும முறையில் எழுதினால் 127 ஒன்றுகள் வரிசையாக நிற்கும். நடுவில் ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது. 127 இரண்டுகளைப் பெருக்கி, வந்த விடையில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பதுதான் இந்த எண்: 2¹²⁷ − 1.

இது ஒரு பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாது. பிரான்சைச் சேர்ந்த எதுவார்ட் லூக்காஸ் என்ற கணித ஆசிரியர் 1876-இல் இதைக் கையாலேயே கணக்குப் போட்டு நிறுவினார். அதன்பின் 75 ஆண்டுகளுக்கு மனிதர் அறிந்த மிகப் பெரிய பகா எண் இதுதான்.

இன்று இதைவிடப் பெரியவை எத்தனையோ வந்துவிட்டன. 2024 அக்டோபரில் லூக் டுராண்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 2,000 இலக்கம் என்று அச்சிட்டாலும் 20,000 பக்கங்களைத் தாண்டும். ஆனாலும் இந்த அத்தியாயத்தை அந்தப் பெரியவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. அது பகா எண் என்பதற்கு நம்மிடம் உள்ள சாட்சி, பல கணினிகள் ஒரே விடையைச் சொன்னது மட்டுமே. அந்தக் கணக்கின் ஒரு வரியைக்கூட எந்த மனிதரும் உட்கார்ந்து தொடர்ந்து பார்த்ததில்லை. மனிதக் கைக்குள் கடைசியாக அடங்கிய எண் 2¹²⁷ − 1. அது அடங்கியதற்குக் காரணம் அந்த 127 ஒன்றுகள்தான் என்பதே இங்கே சொல்ல வந்தது.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்கப் பள்ளிக்கூடத்தில் கற்ற வழி நமக்குத் தெரியும். 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போக வேண்டும். அந்த எண்ணின் வர்க்கமூலம் வரை எதுவும் வகுக்கவில்லை என்றால் அது பகா எண். நம் எண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1,30,000 கோடி கோடி. அதற்குக் கீழே உள்ள பகா எண்கள் மட்டும் சுமார் 3,000 கோடி கோடி. நொடிக்கு ஒரு வகுத்தல் என்று இராப்பகலாகச் செய்தாலும் 950 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான்.

ஆனால் 2¹²⁷ − 1 எல்லா எண்களையும் போன்றதல்ல. ஒன்றுகளால் மட்டுமே ஆன அதன் வடிவம், எந்தக் காரணி அதற்குள் நுழைய முடியும் என்பதற்கே நிபந்தனை போடுகிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். ஆறு ஒன்றுகள் கொண்ட இரும எண் 111111. அதை 111, 111 என்று இரண்டாக வெட்டலாம். வெட்ட முடிந்தாலே அது 111-ஆல் வகுபடும் என்று பொருள். தசமத்தில் சொன்னால் 63 = 7 × 9. ஆக, ஒன்றுகளின் எண்ணிக்கையைச் சமமான கட்டுகளாகப் பிரிக்க முடிந்தால் அந்த எண் பகு எண்தான். மேலே ஒரு கணக்கும் தேவையில்லை. பகா எண்ணாக இருக்க வேண்டுமானால் ஒன்றுகளின் எண்ணிக்கையும் பகா எண்ணாக இருக்க வேண்டும். 127 அப்படிப்பட்டது. ஆனால் இது மட்டும் போதாது. 11 ஒன்றுகள் கொண்ட 2047-ஐப் பாருங்கள்: 23 × 89. 11 பகா எண்தான், 2047 அல்ல. இந்தச் சறுக்கல் 1536-இலேயே அச்சில் பதிவாகிவிட்டது.

அடுத்த நிபந்தனை பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா கொடுத்தது. 2¹²⁷ − 1-ஐ ஏதோ ஒரு பகா எண் வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றையும் அந்தப் பகா எண்ணால் வகுத்து மீதியை எழுதினால், மீதிகள் ஒரு சுற்றாகத் திரும்பத் திரும்ப வரும். 127-ஆவது இரட்டிப்பில் மீதி 1 வந்தாக வேண்டும். ஆகவே சுற்றின் நீளம் 127-ஐ வகுக்க வேண்டும். 127-ஓ பகா எண். எனவே சுற்றின் நீளம் சரியாக 127. ஃபெர்மாவின் தேற்றப்படி இந்த நீளம், அந்தக் காரணியில் ஒன்று குறைத்தால் வரும் எண்ணையும் வகுக்க வேண்டும். நம் எண் ஒற்றைப்படை என்பதால் காரணியும் ஒற்றைப்படைதான்; ஒன்று குறைத்தால் இரட்டைப்படை. விளைவு: காரணி என்று ஒன்று இருந்தால், 254-இன் ஏதாவது ஒரு மடங்கைவிட அது சரியாக ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். இன்னொரு விதி, அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம் என்கிறது.

இரண்டு விதிகளையும் சேர்த்துச் சலித்தால் நடப்பது வேடிக்கையாக இருக்கும். வரிசையில் முதலில் நிற்பது 255; அது பகா எண் அல்ல. பிறகு 1017, 1271, 2033. எதுவும் பகா எண் அல்ல. ஐந்தாவதாக வரும் 2287-தான் முதல் உண்மையான போட்டியாளர். அதாவது 2287-க்குக் கீழே உள்ள எந்தப் பகா எண்ணாலும் இந்த 39 இலக்க எண் வகுபடாது என்று ஒரு வகுத்தல்கூடப் போடாமலே சொல்லிவிடலாம்.

கணிதர் ஆய்லர் 2³¹ − 1-ஐ, அதாவது 2147483647-ஐ, இதே சல்லடையை வைத்துத்தான் முறியடித்தார். சலித்த பிறகு அதிகபட்சம் 372 வகுத்தல்கள் மிஞ்சின. அது பகா எண் என்பதை 1772-இல் டேனியல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். (32 பிட்டில் குறியுடன் எழுதப்படும் முழு எண் ஏறக்கூடிய உச்சம் இதுவே. 2014-இல் ‘கங்னம் ஸ்டைல்’ பாடலின் யூடியூப் பார்வைகள் இந்த எண்ணை நெருங்கியபோது எண்ணியையே மாற்ற வேண்டிவந்தது.) ஆங்கிலேயக் கணிதர் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதிய நூலில், 2³¹ − 1-இலிருந்து பிறக்கும் நிறைவெண்ணைவிட (தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்) பெரியதை இனி யாரும் தேடப்போவதில்லை, இவற்றால் ஒரு பயனும் இல்லையே என்று தீர்ப்பே எழுதிவிட்டார். கணிதத்தில் ‘இனி யாரும்’ என்று தொடங்கும் வாக்கியங்களுக்கு ஆயுள் குறைவு.

ஆனால் நம் எண்ணுக்கு இந்தச் சல்லடையும் போதாது. சலித்த பிறகும் மிஞ்சும் போட்டியாளர்கள் சுமார் 12 கோடி கோடி. நொடிக்கு ஒன்று என்றால் 3.8 கோடி ஆண்டுகள். வகுத்துப் பார்ப்பது என்ற யோசனையையே கைவிட்டால்தான் வழி பிறக்கும்.

இந்த எண் முதன்முதலில் பேச்சுக்கு வந்தது 1644-இல். பாரிசில் வாழ்ந்த மினிம் சபைத் துறவி மாரின் மெர்சென், அந்தக் காலத்து அறிஞர்களுக்கெல்லாம் அஞ்சல் நிலையமாகவே இருந்தவர். தெகார்த் அவருக்கு எழுதினார், ஃபெர்மா எழுதினார். ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு அவர் எழுதினார். அந்த ஆண்டு வெளியிட்ட நூலின் முன்னுரையில், 257 வரையிலான அடுக்குகளில் 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 ஆகியவை மட்டுமே பகா எண்ணைத் தரும் என்று எழுதினார். எப்படிக் கண்டார் என்று சொல்லவில்லை. 15, 20 இலக்கமுள்ள ஓர் எண்ணைப் பகா எண்ணா என்று சோதிக்கக் காலம் முழுவதும் போதாது என்றும் அவரே எழுதியிருக்கிறார். பட்டியலில் இருந்த 2²⁵⁷ − 1-க்கோ 78 இலக்கங்கள்! ஊகித்தார் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல? அவர் பட்டியலில் ஐந்து பிழைகள். 67-உம் 257-உம் தவறாக இடம்பெற்றன. 61, 89, 107 விடுபட்டன. இத்தனை பிழை செய்தவரின் பெயரிலேயே இன்றும் இந்த வகை எண்கள் ‘மெர்சென் எண்கள்’ என்று அழைக்கப்படுகின்றன. 127 விஷயத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் ஊகம் சரியாக அமைவது வேறு, அது சரி என்று தெரிந்துகொள்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் 232 ஆண்டுகள்.

அந்த இடைவெளியைக் கடந்த லூக்காஸ் 1842-இல் அமியான் நகரில் பிறந்தவர். பாரிஸ் வானாய்வகத்தில் வேலை பார்த்தார். 1870-இல் பிரஷ்யாவுடன் நடந்த போரில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்தார். போர் முடிந்து பள்ளி ஆசிரியரானார். கடைசிவரை பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. எண்களின் மீது அவருக்கு இருந்தது ஒரு விளையாட்டுப் பிள்ளையின் ஆசை. 1, 1, 2, 3, 5, 8 என்று போகும் தொடருக்கு ‘ஃபிபோனாச்சி’ என்ற பெயர் நிலைத்ததற்கு அவரே முக்கியக் காரணம். அதன் தங்கைத் தொடரான 2, 1, 3, 4, 7, 11, 18, 29, 47 என்பதற்கு அவர் பெயரே இருக்கிறது.

அந்தத் தங்கைத் தொடரிலிருந்துதான் ஆயுதம் கிடைத்தது. அதில் 3, 7, 47 ஆகிய மூன்றை மட்டும் பாருங்கள். 3-ஐ வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் 7. 7-ஐ வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் 47. 47-ஐ அதேபோல் செய்தால் 2207. இந்தப் படிகளை ஏறிக்கொண்டே போக வேண்டும். எண் பெருகிவிடாமல் இருக்க, ஒவ்வொரு படியிலும் நாம் சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறிய எடுத்துக்காட்டாக 127-ஐயே எடுத்துக்கொள்வோம். அதுவும் ஏழு ஒன்றுகள் கொண்ட மெர்சென் எண்தான். 3, 7, 47 வரை பிரச்சினை இல்லை. அடுத்தது 2207, 127-ஆல் வகுத்தால் மீதி 48. 48-இன் வர்க்கம் 2304, இரண்டு போக 2302, மீதி 16. 16-இன் வர்க்கம் 256, இரண்டு போக 254. அது 127-இன் இருமடங்கு, மீதி பூஜ்யம். 3-ஐயும் சேர்த்து எண்ணினால் ஆறாவது இடத்தில், அதாவது ஒன்றுகளின் எண்ணிக்கைக்கு ஒன்று முன்னால், பூஜ்யம் விழுந்துவிட்டது. 127 பகா எண்.

இதையே 2047-க்குச் செய்தால்: 3, 7, 47, 160, 1034, 620, 1609, 1471, 160, 1034. பத்தாவது இடத்தில் பூஜ்யம் இல்லை. எனவே அது பகு எண். 160 இரண்டாம் முறை வந்தபோதே விஷயம் முடிந்துவிட்டது. அதற்குமேல் அதே வட்டத்தில் சுற்ற வேண்டியதுதான். கவனியுங்கள், 23 என்றோ 89 என்றோ இந்தக் கணக்கில் ஒரு பேச்சும் இல்லை. காரணியைக் காட்டாமலே ‘இவனுக்குக் காரணி உண்டு’ என்று சொல்லிவிடுகிறது இந்தச் சோதனை. வகுத்துப் பார்க்கும் பழக்கத்திலேயே ஊறியவர்களுக்கு இது முதலில் செரிக்கவே செரிக்காது.

பூஜ்யம் வந்தால் ஏன் பகா எண்? முழு நிரூபணம் நீளம். ஆனால் அதன் முதுகெலும்பைக் காட்டிவிடலாம். 3, 7, 47 என்ற படிகளுக்குப் பின்னால் மறைந்திருப்பது பொன் விகிதம் எனப்படும் எண்: ஒன்றுடன் √5-ஐக் கூட்டி இரண்டால் வகுத்தது. ஒவ்வொரு படியும் அதன் அடுக்கை இரட்டிக்கிறது. 126-ஆவது இடத்தில் மீதி பூஜ்யம் என்றால், அந்தப் பொன் விகிதத்தைத் தன்னாலேயே பெருக்கிக்கொண்டு போனால் மறுபடி 1-க்குத் திரும்பச் சரியாக 2¹²⁸ அடி நடக்க வேண்டும் என்று பொருள். இப்போது 2¹²⁷ − 1-க்கு ஒரு காரணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிய காரணி வர்க்கமூலத்தைத் தாண்டாது. அந்தக் காரணியால் வகுத்த மீதிகளையும் √5-ஐயும் வைத்துக் கட்டக்கூடிய எண்களின் மொத்த எண்ணிக்கை, காரணியின் வர்க்கத்தைத் தாண்டாது. அதாவது 2¹²⁷-க்கும் குறைவு. அவ்வளவு சின்ன முற்றத்தில், மிதித்த இடத்தை மறுபடி மிதிக்காமல் 2¹²⁸ அடி எடுத்து வைக்க இடமேது? ஆகவே காரணி இல்லை.

நம் எண்ணுக்கு இந்தப் படிகளில் 125 முறை வர்க்கம் எடுக்க வேண்டும். 3.8 கோடி ஆண்டுகள் எங்கே, 125 வர்க்கங்கள் எங்கே! ஆனாலும் ஒவ்வொரு வர்க்கமும் 39 இலக்க எண்ணை 39 இலக்க எண்ணால் பெருக்குவது. வரும் 77 இலக்க விடையை மறுபடி 39 இலக்க எண்ணால் வகுக்க வேண்டும். தசமத்தில் செய்தால் பெருக்கலைவிட வகுத்தல்தான் ஆளைக் கொல்லும். இங்கேதான் 127 ஒன்றுகள் இரண்டாம் முறையாகக் கைகொடுக்கின்றன.

தசமத்தில் இதற்கு இணையானது 99. 1234-ஐ 99-ஆல் வகுத்த மீதி வேண்டுமா? வகுக்க வேண்டாம். 12-ஐயும் 34-ஐயும் கூட்டுங்கள்: 46. அவ்வளவுதான். நூறு என்பது 99-க்கு ஒன்றே ஒன்று அதிகம் என்பதால் நூறுகளை ஒன்றுகளாக எண்ணிக்கொள்ளலாம். இரும முறையில் ஒன்றுகளால் மட்டுமே ஆன எண் இந்த 99-ஐப் போன்றதுதான். 127 இடங்களைத் தாண்டி இடப்பக்கம் வழியும் பகுதியை அப்படியே வெட்டி வலப்பக்கம் கொண்டுவந்து கூட்டிவிட்டால் வகுத்தல் முடிந்தது.

லூக்காஸ் இதை ஒரு பலகை ஆட்டமாகவே அமைத்தார். சதுரங்கப் பலகை மாதிரி, ஆனால் 127 வரிசை, வரிசைக்கு 127 கட்டம். மொத்தம் 16,129 கட்டங்கள். இரும எண்ணில் ஒன்று இருக்கும் இடத்தில் காய், பூஜ்யம் என்றால் காலிக் கட்டம். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்க, அதே காய் வரிசையை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தி அடுத்தடுத்த வரிசைகளில் வைக்க வேண்டும். இடது ஓரத்தில் விழும் காய் வலது ஓரத்தில் ஏறிக்கொள்ளும். பிறகு கூட்டல்: ஒரே நிரலில் இரண்டு காய் இருந்தால் இரண்டையும் எடுத்துவிட்டு இடப்பக்க நிரலில் ஒன்றை வைக்க வேண்டும். பல்லாங்குழியில் கடைசிக் குழியைத் தாண்டிய கை முதல் குழிக்குத் திரும்புவது போல, இங்கேயும் காய் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் பலகை காலியானால், அல்லது ஒரு வரிசை முழுவதும் காய்களால் நிரம்பினால் (127 ஒன்றுகளும் இங்கே பூஜ்யத்துக்குச் சமம்தானே), வெற்றி. இன்றைய கணினிகள் பெருக்கும் விதத்தை மரக்காய்களால் செய்தது இது.

லூக்காஸின் நிரூபணங்களில் ஓட்டைகள் இருந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவசரக்காரர், முடிவை எழுதிவிட்டுக் காரணத்தைப் பிறகு பார்த்துக்கொள்வார். கணக்கை வேறொருவர் சரிபார்க்க 1914 வரை ஆனது. பிரான்சின் ஃபோகெம்பெர்க் அதைச் செய்தார். சோதனையை எல்லா அடுக்குகளுக்கும் பொருந்தும்படி, 3-க்குப் பதிலாக 4-இல் தொடங்கி, இன்றைய வடிவில் செதுக்கியவர் அமெரிக்கரான டெரிக் ஹென்றி லேமர், அது 1930-களில். அதனால்தான் சோதனைக்கு லூக்காஸ்-லேமர் என்று இரட்டைப் பெயர்.

மெர்சென் பட்டியலில் இருந்த 67-ஐயும் லூக்காஸ் அதே 1876-இல் இந்த வழியில் வீழ்த்தினார். 2⁶⁷ − 1 பகு எண் என்று தெரிந்துவிட்டது. காரணி எது என்று மட்டும் யாருக்கும் தெரியாது. 27 ஆண்டுகள் கழித்து, 1903 அக்டோபரில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் நியூயார்க் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் அதைக் காட்டினார்: 193707721 × 761838257287. அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் எழுந்து கைதட்டியது, எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டதற்கு மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றார் என்று கணித வரலாற்று எழுத்தாளர் ஈ. டி. பெல் எழுதியிருக்கிறார். பெல் கொஞ்சம் மசாலா தூவுகிறவர். காரணிகள் என்னவோ உண்மை. நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

1883-இல் லூக்காஸ் ஒரு பொம்மையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மூன்று கம்பு, அளவு குறைந்துகொண்டே போகும் வட்டுகள். பெரியதைச் சிறியதன் மேல் வைக்காமல் ஒரு கம்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். ‘ஹனோய் கோபுரம்’ என்று இன்று ஒவ்வொரு கணினி அறிவியல் மாணவரையும் படுத்தும் அதே புதிர். காசியில் ஒரு கோயிலில் 64 பொன் வட்டுகளைப் பூசாரிகள் இடைவிடாமல் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், மாற்றி முடிந்ததும் உலகம் அழியும் என்ற கதையும் கூடவே வந்தது. கதை முழுக்கக் கற்பனை. விஷயம் என்னவென்றால், வட்டுகளை மாற்றத் தேவைப்படும் குறைந்தபட்ச நகர்த்தல்கள் எப்போதும் ஒரு மெர்சென் வடிவ எண். மூன்று வட்டுக்கு 7, ஏழு வட்டுக்கு 127, அறுபத்து நான்குக்கு 2⁶⁴ − 1; நொடிக்கு ஒரு நகர்த்தல் என்றால் 58,000 கோடி ஆண்டுகளுக்கு மேல். 127 வட்டு வைத்திருந்தால் அவருடைய பகா எண்ணே வந்திருக்கும். பொம்மைப் பெட்டியில் ஆசிரியர் பெயரை ‘என். கிளாஸ், சியாம்’ என்று போட்டிருந்தார். பிரெஞ்சு எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ‘அமியானின் லூக்காஸ்’.

1891-இல் மார்செயில் நடந்த ஓர் அறிவியல் மாநாட்டு விருந்தில் பரிமாறுபவர் கைதவறி ஒரு தட்டைக் கீழே போட, சில்லு ஒன்று தெறித்து லூக்காஸின் கன்னத்தைக் கிழித்தது. காயத்தில் தொற்று ஏறிச் சில நாட்களில் இறந்துபோனார். வயது 49.

அவர் எண் அவருக்குப் பின் அறுபது ஆண்டுகள் அரியணையில் இருந்தது. மெர்சென் விட்டுவிட்ட 61-ஐ 1883-இல் ரஷ்யப் பாதிரியார் பெர்வூஷின் கண்டுபிடித்தார்; 89-உம் 107-உம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தன. எல்லாமே 127-ஐவிடச் சிறியவை. 1951-இல்தான் ஃபெரியே என்பவர் மேசைக் கணக்கு இயந்திரம் ஒன்றின் துணையோடு 44 இலக்க எண் ஒன்றை நிறுவினார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் மில்லரும் வீலரும் எட்சாக் கணினியில் 79 இலக்கப் பகா எண் ஒன்றைக் கண்டார்கள். அந்த எண் எது தெரியுமா? நம் எண்ணின் வர்க்கத்தை 180-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டியது! ஓர் எண் பகா எண் என்று நிறுவ, அதில் ஒன்று குறைந்த எண்ணின் காரணிகள் தெரிந்திருந்தால் வேலை எளிது. அப்படிக் காரணியாக வைக்கத் தெரிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண் இதுதானே. தன்னைத் தோற்கடித்தவனுக்குத் தோள் கொடுத்ததும் 2¹²⁷ − 1-தான். அடுத்த ஆண்டு ஜனவரி 30 அன்று ரஃபேல் ராபின்சனின் நிரல் லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்வாக் கணினியில் ஓடி, 521, 607 என்ற இரு அடுக்குகளை ஒரே நாளில் பிடித்துக்கொடுத்தது. கையால் போடும் கணக்கின் காலம் அன்றோடு முடிந்தது.

பயனில்லை என்ற பார்லோவின் தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பகா எண் என்றதும் ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் பூட்டுகள் நினைவுக்கு வரும். அதற்கு 2¹²⁷ − 1 உதவாது, ஏனென்றால் அங்கே பகா எண் ரகசியமாக இருக்க வேண்டும். இது ஊரறிந்த எண். ஆனால் நீள்வட்ட வளைகோட்டுக் குறியாக்கத்தில் பகா எண்ணை ஒளிக்கத் தேவையில்லை. அது கணக்கு நடக்கும் களத்தின் அளவு மட்டுமே. அங்கே ஒவ்வொரு பெருக்கலுக்கும் ஒரு வகுத்தல் உண்டு. வெட்டிக் கூட்டினால் வகுத்தல் முடிந்துவிடும் எண்ணைவிட அதற்கு ஏற்றது எது? 2015-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கோஸ்டெல்லோவும் லோங்காவும் வெளியிட்ட ‘ஃபோர்க்யூ’ என்ற அதிவேக வளைகோடு 2¹²⁷ − 1-இன் மேல்தான் நிற்கிறது. 127 பிட்கள் 64 பிட் பெட்டிகள் இரண்டில் அடங்கி, ஒரு பிட் மிச்சமும் இருக்கிறது. லூக்காஸின் பலகையும் இந்த வளைகோட்டுக் கணக்கும் செய்வது ஒரே வேலை.

இதில் ஒரு வருத்தமும் உண்டு. 127-க்கு அடுத்த மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 521. நடுவில் ஒன்றுமே இல்லை. குறியாக்கத்துக்கு மிகவும் தேவைப்படுவதோ 256 பிட் அக்கம்பக்கம். மெர்சென் சொன்ன 257 மட்டும் உண்மையாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! இல்லாததால்தான் இன்று கைபேசிகளில் பரவலாக ஓடும் வளைகோட்டுக்கு 2²⁵⁵ − 19 என்ற அரைகுறை அழகுள்ள பகா எண்ணைத் தேட வேண்டிவந்தது.

2¹²⁷ − 1 தரும் இன்னொரு பரிசை யூக்ளிட் காலத்தவரே புரிந்துகொள்வார்கள். அதை 2¹²⁶-ஆல் பெருக்கினால் கிடைக்கும் 77 இலக்க எண் ஒரு நிறைவெண். தன்னைத் தவிர்த்த வகுத்திகளையெல்லாம் கூட்டினால் அதே எண் திரும்ப வரும், 6 = 1 + 2 + 3 என்பது போல. இந்த வரிசையில் அது பன்னிரண்டாவது.

என்னை அதிகம் இழுப்பது வேறு. 2-இல் தொடங்குங்கள். இரண்டு ஒன்றுகள் எழுதினால் 3. மூன்று ஒன்றுகள் எழுதினால் 7. ஏழு ஒன்றுகள் எழுதினால் 127. நூற்றிருபத்தேழு ஒன்றுகள் எழுதினால் நம் எண். ஐந்தும் பகா எண்கள். லூக்காஸின் முடிவு வெளிவந்த அதே 1876-இல் பெல்ஜியத்தில் பணியாற்றிய எஜேன் காத்தலான் இந்தச் சங்கிலியைக் கவனித்து, இது இப்படியே தொடருமோ என்று கேட்டார். அவர் கேட்டது இந்த ஒரு சங்கிலியைப் பற்றி மட்டும். மெர்சென் பகா எண் எதை அடுக்காக வைத்தாலும் பகா எண்தான் வரும் என்று பரவலாக நம்பியவர்களும் உண்டு. 13 ஒன்றுகள் தரும் 8191 பகா எண்; ஆனால் 8191 ஒன்றுகள் தருவது பகு எண் என்று 1953-இல் இல்லியாக் கணினி காட்டியதும் அந்த நம்பிக்கை போனது. காத்தலானின் சங்கிலியை அது தொடவில்லை, ஏனென்றால் 13 அதில் இல்லை.

அடுத்த கண்ணியை எழுத 170141183460469231731687303715884105727 ஒன்றுகள் வேண்டும். தசமத்தில் அதற்கு 5-ஐத் தொடர்ந்து 37 பூஜ்யங்கள் போட்டால் வரும் அளவுக்கு இலக்கங்கள். லூக்காஸ் சோதனையை அதற்கு வைத்தால் படிகளின் எண்ணிக்கையே அந்த 39 இலக்க எண். ஒரு படியின் விடையைச் சேமித்து வைக்கக்கூட உலகில் உள்ள அத்தனை நினைவகங்களும் போதாது. அது பகா எண் என்று நிறுவ இன்று யாரிடமும் வழி இல்லை.

பகு எண் என்று காட்டுவதற்கோ ஒரே ஒரு காரணி சிக்கினால் போதும். ஃபெர்மாவின் நிபந்தனை இங்கேயும் உண்டு: காரணி, நம் எண்ணின் ஏதோ ஓர் இரட்டைப்படை மடங்கைவிட ஒன்று அதிகமாக இருக்க வேண்டும். அப்படி ஒரு போட்டியாளரைச் சோதிக்க, எழுதவே முடியாத அந்தப் பெரிய எண்ணைத் தொட வேண்டியதில்லை. 2-ஐ எடுத்து 127 முறை வர்க்கப்படுத்துங்கள். ஒவ்வொரு முறையும் போட்டியாளரால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீதி 2 வந்தால் காரணி அகப்பட்டது, காத்தலானின் சங்கிலி அறுந்தது. சாதாரண மடிக்கணினிக்கு இது கண்ணிமைக்கும் நேரத்து வேலை. பல ஆண்டுகளாகப் பலர் போட்டியாளர்களை வரிசையாக இதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை ஒன்றுக்கும் 2 வரவில்லை.